ஒரே பேரிங் நான்கு முறை போனது ஏன்?
மாற்றும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்



நம் அறக்கட்டளையின் கர்ழன் ஹஸனா (வட்டியில்லா அழகிய கடன்) திட்டத்தில் தொழில் கருவி வாங்கிய ஒரு சகோதரரின் இயந்திரம், ஐந்து மாதத்துக்குள் நான்கு முறை வேலை செய்யாமல் நின்றது. நான்கு முறையும் ஒரே இடத்தில் இருந்த ஒரே பேரிங்தான் போனது. நான்கு முறையும் புதியது வாங்கிப் போட்டார்கள். அதில் இரண்டு முறை பணம் கொடுத்தது நாங்கள். ஏன் போகிறது என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கடைசியில் கேட்டபோது வந்த பதில் எங்களையே தலைகுனிய வைத்தது.

அந்த அனுபவத்தை அவருடைய சம்மதத்தோடு, பெயரைத் தவிர்த்து இங்கே எழுதுகிறோம். மரம் அறுக்கும் இயந்திரம் வைத்திருப்பவர்கள் நம் ஜமாஅத்தில் ஓரிருவர்தான். ஆனால் தையல் மெஷின், கிரைண்டர், ஆட்டோ, வெல்டிங் செட், போர் மோட்டார் என ஏதோ ஓர் இயந்திரத்தை நம்பி அடுப்பு எரியும் வீடுகள் பல. அவர்களுக்கும் இது பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

தொழிலும் இயந்திரமும்

ஓசூரில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது முதல், தொழிற்சாலைகளுக்குப் பேலட்டும் பேக்கிங் பெட்டியும் செய்து கொடுக்கும் மரவேலை இந்தப் பகுதியில் வளர்ந்துவிட்டது. இன்ஜின் பாகமோ இயந்திரமோ எதுவானாலும் ஒரு மரச் சட்டத்தின் மேல் ஏறித்தான் லாரிக்குப் போகிறது. இதற்குத் தைலமரம், சில்வர் ஓக், மாமரம் ஆகியவை பயன்படுகின்றன. மாமரத்துக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை. காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி, பர்கூர், சந்தூர் பக்கங்களில் காய்ப்பு குறைந்த பழைய தோப்புகளை வெட்டிப் புதுக்கன்று வைக்கும்போது பருத்த அடிமரங்கள் கிடைக்கின்றன.

நம் சகோதரரும் அவர் தம்பியும் வைத்திருப்பது நடமாடும் பேண்ட்சா மில். பழைய இயந்திரம், விலை 2,40,000 ரூபாய். அதில் 1,50,000 ரூபாய் நம் அறக்கட்டளை கொடுத்த கடன். மாதம் 6,000 வீதம் 25 தவணை. டிராக்டருக்குப் பின்னால் கட்டித் தோப்புக்கே இழுத்துப் போய், வெட்டிய மரத்தை அங்கேயே பலகையாக்கிக் கொடுப்பார்கள். கட்டையை ஏற்றி மில்லுக்குக் கொண்டுபோகும் லாரி வாடகை தோப்புக்காரருக்கு மிச்சம்.

இதில் கட்டை அசையாமல் படுக்கையில் கிடக்கும், ரம்பத்தின் தலைப்பகுதி தண்டவாளம் போன்ற சட்டத்தின் மேல் நகர்ந்து வந்து அறுக்கும். தலைப்பகுதிக்குள் இரண்டு பெரிய சக்கரங்கள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி, பெல்ட் போல, பல் வைத்த மெல்லிய எஃகுப் பட்டை ஓடுகிறது. அதுதான் பிளேடு. அகலம் சுமார் 32 மில்லிமீட்டர், தடிமன் ஒரு மில்லிமீட்டர்தான். பிளேடு மெல்லியதாக இருப்பதே இதன் லாபம். வட்ட ரம்பம் ஒரு வெட்டுக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கும் என்றால், இது இரண்டு மில்லிமீட்டர் அளவோடு விட்டுவிடும். ஒரு கட்டையில் பத்து வெட்டு போட்டால், தூளாகப் போகவிருந்த மரத்தில் ஒரு பலகையாவது மிஞ்சும்.

இரண்டு சக்கரங்களில் ஒன்றைத்தான் இன்ஜின் சுற்றுகிறது. இன்ஜினிலிருந்து வி-பெல்ட் ஒரு புல்லிக்கு வருகிறது. புல்லியும் சக்கரமும் ஒரே ஷாஃப்டின் இரண்டு முனைகளில் இருக்கின்றன. அந்த ஷாஃப்டைத் தாங்க இரண்டு பேரிங்குகள், ஒன்று புல்லிப் பக்கம், மற்றது சக்கரப் பக்கம். மரத்தூள் வந்து கொட்டுவதும் இந்தச் சக்கரப் பக்கத்தில்தான். திரும்பத் திரும்பப் போனது சக்கரப் பக்கத்துப் பேரிங்.

நான்கு முறை நின்றது

இயந்திரம் வாங்கி இரண்டு மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு நாள் சக்கரத்திலிருந்து உறுமல் சத்தம் வந்தது, தொட்டால் கை சுட்டது. மெக்கானிக் வந்து பேரிங் போய்விட்டது என்று மாற்றிக் கொடுத்தார். பழைய இயந்திரம்தானே, தேய்ந்திருக்கும் என்று விட்டுவிட்டார்கள். மூன்று வாரத்தில் மறுபடியும் அதே சத்தம். கடையில் கொடுத்தது டூப்ளிகேட்டாக இருக்கும் என்று சந்தேகப்பட்டு, தம்பி பெங்களூர் எஸ்.பி. ரோடு வரை போய் நல்ல கம்பெனி பேரிங் வாங்கி வந்தார். அதுவும் ஏறக்குறைய அதே காலம்தான் தாங்கியது.

நான்காவது முறை பேரிங் இறுகி நின்றேவிட்டது. சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஓடிக்கொண்டிருந்த பிளேடு கழன்று மூடிக்குள்ளேயே துண்டானது. சக்கர மூடிகள் பூட்டியிருந்ததாலும், தம்பி பிளேடுக்கு நேராக நிற்காமல் விலகி நின்றதாலும் யாருக்கும் காயமில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

பேரிங் விலை சில நூறு ரூபாய்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாள் வேலை போனது. மெக்கானிக் கூலி, உடைந்த பிளேடு, வருவதாகச் சொல்லிப் போகாமல் விட்ட தோப்புகள் என்று கணக்கு வளர்ந்தது. இரண்டு மாதத் தவணை நின்றது. அந்த மாத மசூராவில் இவருடைய பெயர் வந்தபோது, 'இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவரிடம் கொடுத்துவிட்டோம், திரும்ப வாங்கி விற்றுவிடலாம்' என்று ஒரு கருத்து எழுந்தது. உண்மையைச் சொன்னால், எங்களில் பாதிப்பேர் அதற்குத் தலையசைத்தோம். அந்த இயந்திரத்தை நம்பி இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன, ஒரு வாரம் பொறுப்போம் என்று மற்றவர்கள் கேட்டுக்கொண்டதால் முடிவு தள்ளிப்போனது.

அந்த ஒரு வாரத்தில், ஓசூர் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டு பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரை அழைத்துப் போனோம். நம் தெருவுக்கு அடுத்த தெருக்காரர். அவர் இயந்திரத்தைப் பார்க்கும் முன்பே கேட்ட முதல் கேள்வி, 'பழைய பேரிங் எங்கே தம்பி?' என்பதுதான்.

நான்கில் மூன்று எடைக்குப் போய்விட்டன. கடைசியாக உடைந்தது மட்டும் டூல்ஸ் பெட்டியில் கிடந்தது.

சந்தேகங்களை ஒவ்வொன்றாகக் கழித்தது

பெரியவர் எதையும் கழற்றவில்லை. முதலில் ஒரு தாளில், ஒரு பேரிங் இப்படிச் சீக்கிரம் போவதற்கு என்னென்ன காரணம் இருக்க முடியும் என்று எழுதினார். பொருள் போலி. வி-பெல்ட் அளவுக்கு மீறி இறுக்கம். பொருத்தும்போது சுத்தியலால் அடித்த அடி. ஷாஃப்ட் தேய்வு அல்லது வளைவு. பிளேடு அளவுக்கு மீறி இறுக்கம். உள்ளே தண்ணீரும் தூளும் புகுந்தது. இந்த ஆறில் எதுவென்று கண்ணால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், ஊகத்தில் சொல்லக்கூடாது என்றார்.

போலிப் பொருளா? ஒவ்வொரு பேரிங்கும் எத்தனை மணி நேரம் ஓடியது என்று அவர் கேட்டார். யாரும் குறித்து வைக்கவில்லை. ஆனால் சகோதரர் டீசல் வாங்கிய சீட்டுகளை ஒரு பையில் போட்டு வைத்திருந்தார். அதை வைத்துக் கணக்கிட்டதில், உள்ளூரில் வாங்கியதும் பெங்களூரில் வாங்கியதும் ஏறக்குறைய ஒரே அளவு, அதாவது நூறு மணி நேரத்தை ஒட்டியே, ஓடியிருந்தன. பொருள் காரணமென்றால் ஒன்று சீக்கிரமும் மற்றது தாமதமாகவும் போயிருக்க வேண்டும். இரண்டும் ஒரே காலத்தில் போனதென்றால் அந்த இடத்தில்தான் ஏதோ இருக்கிறது.

வி-பெல்ட் இறுக்கமா? பெல்ட் இழுப்பது புல்லியை. அந்த இழுவையில் பெரும் பங்கைத் தாங்குவது புல்லிப் பக்கத்துப் பேரிங். அது இயந்திரத்தோடு வந்த பழையது, இன்னும் சத்தமில்லாமல் சுற்றுகிறது. எனவே பெல்ட் காரணமில்லை.

ஷாஃப்டா? டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தார். நேராகவே இருந்தது.

சுத்தியல் அடியா? பேரிங்கை ஷாஃப்டில் ஏற்றும்போது வெளி வளையத்தில் அடித்தால், அந்த அடி உள்ளிருக்கும் குண்டுகள் வழியாகத்தான் உள் வளையத்துக்குப் போகும். குண்டு உட்கார்ந்த இடமெல்லாம் சிறு குழி விழும். அந்தக் குழிகள் குண்டுகளுக்கு இடையிலுள்ள தூரத்துக்குச் சமமான இடைவெளியில் வரிசையாகத் தெரியும். பழைய பேரிங்கைப் பிரித்துப் பார்த்ததில் அப்படிப்பட்ட வரிசை இல்லை.

மிச்சமிருந்தவை இரண்டு, பிளேடு இறுக்கமும் தண்ணீரும். பேரிங்கின் உள்ளே இருந்ததைக் கண்டபோது ஒன்றுக்குச் சாட்சி கிடைத்துவிட்டது. கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் குழம்பு போல ஒரு பசை, அதற்குள் மரத்தூள், குண்டுகள் ஓடும் பாதையில் துரு. தண்ணீரும் தூளும் உள்ளே போயிருக்கின்றன.

'ஏன்' என்று ஐந்து முறை

நம் பிள்ளைகளில் ஓசூர் கம்பெனிகளில் வேலை செய்பவர்களுக்கு 'ஒய்-ஒய் அனாலிசிஸ்' என்ற சொல் பழக்கமானது. ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தில் வளர்ந்த முறை இது. அந்நிறுவனத்தின் உற்பத்தி முறையை உருவாக்கிய தாய்ச்சி ஓனோ, 1978இல் வெளிவந்த தம் நூலில் இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறார். ஓர் இயந்திரம் நின்றது, ஃபியூஸ் போயிருந்தது. சுமை கூடியதால் ஃபியூஸ் போனது. பேரிங்குக்கு எண்ணெய் போதாததால் சுமை கூடியது. எண்ணெய் பம்பு சரியாக இறைக்காததால் எண்ணெய் போதவில்லை. பம்பின் ஷாஃப்ட் தேய்ந்ததால் பம்பு இறைக்கவில்லை. வடிகட்டி இல்லாமல் இரும்புத் துகள் உள்ளே போனதால் ஷாஃப்ட் தேய்ந்தது. முதல் கேள்வியோடு நின்றிருந்தால் ஃபியூஸை மட்டும் மாற்றியிருப்பார்கள், சில மாதத்தில் அது மறுபடியும் போயிருக்கும்.

பெரியவர் அதே போல, ஆனால் அவசரமில்லாமல் கேட்டார். நாங்களும் பக்கத்தில் இருந்தோம்.

முதல் ஏன்: பேரிங் ஏன் போனது? கிரீஸ் கெட்டு, தண்ணீரும் தூளும் உள்ளே போனதால்.

இரண்டாவது ஏன்: அவை எப்படி உள்ளே போயின? இதற்கு இரண்டு பதில்கள் கிடைத்தன. இயந்திரத்தோடு வந்த பேரிங் இருபுறமும் ரப்பர் சீல் வைத்தது. கடையில் அதே நம்பர் கேட்டு வாங்கியது தகடு மூடி வைத்தது. நம்பர் ஒன்றுதான், கடைசி எழுத்துதான் வேறு. தகடு மூடிக்கும் உள் வளையத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்கும். உலர்ந்த இடத்தில் அது பரவாயில்லை, ஈரத் தூள் கொட்டும் இடத்தில் தாங்காது. அடுத்த பதில் எங்களை வியக்க வைத்தது. தம்பி தினமும் மாலையில் வேலை முடிந்ததும் கம்ப்ரஸர் வைத்து ஏர் அடித்துச் சக்கரத்தையும் பேரிங்கையும் பளபளவென்று சுத்தம் செய்திருக்கிறார். அந்தக் காற்றின் வேகமே ஈரத்தூளை மூடிக்குள் தள்ளியிருக்கிறது. பார்த்துக்கொள்ளத் தெரியாதவர் என்று நாங்கள் பேசிய அதே வீட்டில், ஒரு நாள் தவறாமல் நடந்த பராமரிப்பு இது.

மூன்றாவது ஏன்: தினமும் ஏர் அடிக்க வேண்டிய நிலை ஏன் வந்தது? சக்கர மூடிக்குள் ஈரத்தூள் களி போல அப்பிக்கொண்டதால். கையால் சுரண்டினால் வரவில்லை.

நான்காவது ஏன்: தூள் ஏன் அவ்வளவு ஈரம்? பிளேடில் பிசின் ஒட்டாமலிருக்கச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவது வழக்கம். இவர்கள் குழாயை முழுவதும் திறந்து விட்டிருந்தார்கள். சொட்டு விட்டால் பிளேடு சூடேறி, பிசின் அப்பி, பலகை அலை அலையாக வந்தது.

ஐந்தாவது ஏன்: சொட்டுத் தண்ணீர் ஏன் போதவில்லை? பிளேடு மழுங்கியிருந்ததால். மழுங்கிய பிளேடு வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு, சூட்டில் பிசின், பிசினுக்குத் தண்ணீர். அது மட்டுமல்ல, மழுங்கிய பிளேடு நேராக ஓடாது என்பதால் அதை மேலும் மேலும் இறுக்கியிருக்கிறார்கள். பெரியவர் ஒதுக்கி வைத்திருந்த இன்னொரு சந்தேகமும் இங்கே வந்து சேர்ந்தது. குண்டு பேரிங்கின் மேல் சுமை இரண்டு மடங்கானால் அதன் ஆயுள் எட்டில் ஒரு பங்காகக் குறையும். கால் பங்கு சுமை கூடினாலே ஆயுள் பாதியாகிவிடும். ஆக, தண்ணீரும் இறுக்கமும் ஒரே மழுங்கலிலிருந்து புறப்பட்டு ஒரே பேரிங்கில் வந்து முடிந்திருக்கின்றன.

ஆறாவது கேள்வி எங்களிடம் வந்தது

ஐந்து என்பது கட்டாயமான எண்ணிக்கையில்லை என்று பெரியவர் சொன்னார். 'மழுங்கிய பிளேடை ஏன் மாற்றவில்லை தம்பி?' என்று இன்னொரு முறை கேட்டார்.

தம்பி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் எங்களைப் பார்த்தார். கொஞ்சம் தயங்கி, 'ரெண்டே பிளேடுதான் இருக்குங்க ஐயா. ஒண்ணு சாணைக்குப் போனா வர நாலு நாள் ஆகும். அதுவரைக்கும் இன்னொண்ண ஓட்டித்தான் ஆகணும்' என்றார்.

அவர் கடன் விண்ணப்பம் எங்கள் அலுவலகக் கோப்பில் இருக்கிறது. அதில் ஆறு பிளேடுகளுக்கும் சேர்த்துத்தான் கேட்டிருந்தார். நாங்கள் இயந்திரத்தின் விலைக்கு மட்டும் கொடுத்து, 'மற்றதைத் தொழிலில் வரும் வருமானத்தில் வாங்கிக்கொள்ளலாம்' என்று எழுதி அந்த வரியை அடித்திருந்தோம். ஒரு சில ஆயிரங்களை மிச்சப்படுத்தியதாக அன்று நினைத்தோம். பச்சை மாமரத்தில், அதிலும் செம்மண் அப்பிய பட்டையில், ஒரு பிளேடு கூர் குறையாமல் ஓடுவது ஓரிரு மணி நேரம்தான் என்று அன்று எங்களுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. பேரிங் போனபோது இரண்டு முறை பணம் கொடுத்தோமே தவிர, ஏன் போகிறது என்று ஒரு முறையும் நேரில் போய்ப் பார்க்கவில்லை.

அடுத்த மசூராவில் இதை அப்படியே எடுத்து வைத்தோம். இயந்திரத்தைத் திரும்ப வாங்கும் பேச்சு அங்கேயே முடிந்தது. பிளேடுக்கும் சில சில்லறைப் பாகங்களுக்கும் 12,000 ரூபாய் கூடுதல் கடன் கொடுத்து, நின்ற இரண்டு தவணையையும் கடைசியில் சேர்த்துக்கொண்டோம். அந்தச் சகோதரரிடம், அவரைப் பற்றி நாங்கள் பேசியதற்காக மன்னிப்பும் கேட்டோம்.

என்னென்ன மாற்றினார்கள்

ஒன்று, பேரிங் வாங்கும்போது முழு நம்பரையும் பார்த்து வாங்குகிறார்கள். உதாரணமாக 6206 என்றால், கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள் துளையின் அளவு வரும், 06 என்பது 30 மில்லிமீட்டர். அதற்குப் பின்னால் 'இசட்-இசட்' அல்லது '2 இசட்' என்றிருந்தால் இருபுறமும் தகடு மூடி, '2 ஆர்எஸ்' என்றிருந்தால் இருபுறமும் ரப்பர் சீல். 'சி3' என்றிருந்தால் உள்ளே குண்டுகளுக்கான இடைவெளி சற்று அதிகம். பழையதில் இருந்த எழுத்துகள் எல்லாம் புதியதிலும் இருக்க வேண்டும். கடைக்குப் போகும்போது பழைய பேரிங்கைக் கையில் கொண்டு போவது நல்லது.

இரண்டு, பேரிங் பக்கம் ஏர் அடிப்பதும் தண்ணீர் பீய்ச்சுவதும் நின்றது. ரப்பர் சீலையும் அந்த வேகம் தாண்டிவிடும். பெயிண்ட் பிரஷும் மரச் சீவலும் போதும்.

மூன்று, சக்கரத்தில் அப்பும் தூளைச் சுரண்டி விடும் சிறு தகடு ஒன்று முன்பு அந்த இயந்திரத்தில் இருந்து உடைந்துபோயிருந்தது. அதை லேத் பட்டறையில் செய்து மாட்டினார்கள். தூள் வெளியேறும் வாயை ஒவ்வொரு கட்டைக்குப் பிறகும் பார்க்கிறார்கள்.

நான்கு, பிளேடுகளுக்கு எண் போட்டு முறை வைத்து மாற்றுகிறார்கள். இரண்டு மணி நேர அறுப்புக்கு மேல் எந்தப் பிளேடும் ஓடுவதில்லை. பலகை அலை அலையாக வரத் தொடங்கினால் அதற்கு முன்பே மாற்றிவிடுகிறார்கள், இறுக்கிப் பார்ப்பதில்லை. மாலையில் வேலை முடிந்ததும் பிளேடின் இறுக்கத்தைத் தளர்த்தி வைக்கிறார்கள். கட்டையை ஏற்றும் முன் பட்டையில் ஒட்டிய மண்ணைச் சுரண்டி, ஆணியோ கம்பியோ பதிந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். வேலி கட்டிய தோப்பு மரங்களில் கம்பி உள்ளேயே மூடிப்போயிருப்பது உண்டு.

ஐந்து, ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். தேதி, ஓடிய மணி நேரம், மாற்றிய பாகம், ஏன் மாற்றினோம் என்று நான்கு பத்திகள். தம்பிதான் எழுதுகிறார்.

இது எழுதும் நாள் வரை ஏழு மாதமாக அதே பேரிங் ஓடிக்கொண்டிருக்கிறது. தவணையும் வருகிறது.

பேரிங் மாற்றும்போது

இன்ஜினை நிறுத்தி, சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். பிளேடைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். நறநறவென்று கல் கடிப்பது போல இருந்தாலோ, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிந்தாலோ, பேரிங்கின் காலம் முடிகிறது என்று பொருள். இறுகி நிற்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

ஷாஃப்டில் ஏற்றும்போது உள் வளையத்தின் அளவுக்குச் சரியான குழாய்த் துண்டை வைத்து உள் வளையத்தை மட்டும் தட்ட வேண்டும். ரப்பர் சீல் உள்ளதை நெருப்பில் காட்டக்கூடாது, சீலும் கிரீஸும் கெடும். ஷாஃப்டில் கையாலேயே லேசாக நழுவி ஏறினால், ஷாஃப்ட் தேய்ந்திருக்கிறது. எத்தனை பேரிங் போட்டாலும் அது உள்ளே சுழன்று போய்விடும், முதலில் ஷாஃப்டைச் சரிசெய்யுங்கள்.

சூட்டை அறிய, நிறுத்திய உடனே பேரிங் வீட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சில விநாடிகூட வைக்க முடியவில்லை என்றால் சூடு சுமார் 60 டிகிரிக்கு மேல். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே காட்டிய கருவி உடல் சூட்டுக்கு மட்டுமானது, இதற்கு உதவாது.

மரம் அறுக்கும் தொழிலில் இறங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வனப் பாதுகாப்பு வழக்கில் பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகு, மர அறுவை ஆலைகளுக்கான அனுமதி விஷயத்தில் வனத்துறை கண்டிப்பாக இருக்கிறது. இயந்திரம் வாங்க முன்பணம் கொடுக்கும் முன்பே ஓசூர் வனக் கோட்ட அலுவலகத்தில் நேரில் விசாரித்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஜூஜுவாடி தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் வேலைக்குப் போவதாக இருந்தால், கர்நாடக விதிகளையும் தனியாகக் கேட்க வேண்டும்.

வீட்டிலிருக்கும் இயந்திரங்களுக்கும் இதுவே

தையல் மெஷினில் ஊசி அடிக்கடி உடைகிறது என்று நம் சகோதரிகள் சொல்வதுண்டு. ஒரு பாக்கெட் ஊசி வாங்குவதோடு விட்டுவிடாமல், உடைந்த ஊசியைப் பாருங்கள். துணியின் தடிமனுக்குத் தகுந்த நம்பர் ஊசியா? முழுவதும் மேலே ஏற்றித் திருகு இறுக்கப்பட்டதா? ஊசித் தகட்டின் துளையில் உரசிய தழும்பு இருக்கிறதா? தைக்கும்போது துணியைக் கையால் இழுக்கிறோமா? கிரைண்டரின் பெல்ட் ஆறு மாதத்துக்கு ஒன்று போனால், பெல்ட்டின் எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் இரண்டு புல்லிகளும் நேர்கோட்டில் இல்லை.

கேட்கும்போது ஒரு விஷயத்தை மட்டும் கவனத்தில் வையுங்கள். 'கவனக்குறைவு' என்ற பதில் வந்தால் அங்கே நிறுத்தாதீர்கள். யார் மேல் குற்றம் என்று முடிவானதும் கேள்வி நின்றுவிடுகிறது, உடைவது நிற்பதில்லை. நாங்கள் செய்ததும் அதுதான்.

இந்த மாதம் முதல் தொழில் கருவிக் கடனில் நாங்கள் செய்திருக்கும் மாற்றங்கள்: இயந்திரத்தின் விலையோடு, அது மூன்று மாதம் ஓடத் தேவையான தேய்மானப் பொருள்களின் விலையும் கடனில் சேரும். ஒவ்வொரு பயனாளிக்கும் ஒரு நோட்டு கொடுக்கப்படும். ஒரே பாகம் இரண்டாவது முறை போனால், பணம் கொடுக்கும் முன் அறக்கட்டளையிலிருந்து ஒருவர் நேரில் வந்து பார்ப்பார். மேலே சொன்ன பெரியவர் மாதத்தில் ஒரு நாள் நம் அலுவலகத்துக்கு வந்து உட்கார மனமுவந்து சம்மதித்திருக்கிறார். தேதியை ஜும்ஆவுக்குப் பிறகு அறிவிப்போம், இன்ஷா அல்லாஹ். வரும்போது உடைந்த பாகத்தை எடைக்குப் போடாமல், துடைக்காமல், இருக்கிறபடியே ஒரு துணியில் சுற்றி எடுத்து வாருங்கள்.

வஸ்ஸலாம்.

செயலாளர்